வாசலில் வந்து கூப்பிட வேண்டும்

குடும்ப வழக்கு நடத்தும் வக்கீலிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வழக்கு முடிந்த பிறகு கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். மரக்காணத்தில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் பதினோரு வருஷமாக நான் இந்தத் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் எப்போதாவது ஒரு வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் மணிக்கணக்கில் காத்திருந்து முதுகு பிடித்துக்கொண்டவரா? அப்படியானால் உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கும் முதுகுவலி உண்டு.

எத்தனை ஜோடி?

கண் டாக்டர், பல் டாக்டர் என்றால் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போகிறோம். விவாகரத்து வக்கீலை யாரிடம் விசாரிப்பது? விசாரித்தாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே. அதனால் கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் நேரே வந்து என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தார். துபாயில் இருக்கும் மருமகனுக்கும் அவர் மகளுக்கும் ஒத்துவரவில்லை. மகள் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

எந்தக் காலேஜ், எத்தனை வருஷ அனுபவம், ஜமாஅத் பெரியவர்களிடம் பொறுமையாகப் பேச வருமா என்று வரிசையாகக் கேட்டார். வேலைக்கு இன்டர்வியூ போல நானும் கைகட்டிப் பதில் சொன்னேன். கடைசியாக, "இதுவரைக்கும் எத்தனை ஜோடியப் பிரிச்சிருக்கீங்க?" என்றார். நூறைத் தாண்டும் என்றேன். "சேர்த்து வச்சது?" என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் குமாஸ்தா கோதண்டம், எங்கேயோ ஒன்று இருந்த மாதிரி ஞாபகம் என்கிற முகத்தோடு பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. பஷீர் பாய் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அப்போ பிரிக்கிறதுக்குக் கைராசி சரியாத்தான் இருக்குது, எழுதுங்கம்மா."

தபாலில் ஓர் அழைப்பு

கைராசி என்ற சொல் மீன் முள் மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் ஏழுமலை வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். நாற்பது வயது, சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. "பொண்டாட்டியக் கூப்பிடணும்" என்றார். போய்க் கூப்பிடுங்கள் என்றேன். "நான் போமாட்டேன். நீங்க கூப்பிடுங்க."

விஷயம் இதுதான். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த நாளில் அவர் மனைவி அஞ்சலை வைத்த மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டார். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பில்லாக் குழம்பா என்று ஒரு விருந்தாளி சிரித்தார். ஏழுமலைக்கு ரோஷம் வந்து, எல்லார் எதிரிலும், "உங்க அம்மா வூட்டுக்கே போ" என்று சொல்லிவிட்டார். அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு, ஐந்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போன பெண்ணை, புருஷன் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அவள் வீட்டு மனுஷர் பார்க்கக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அவள் தானாகத்தானே போனாள், தானாக வரட்டும் என்பது ஏழுமலை கட்சி. வக்கீல் நோட்டீஸ் என்றால் அரசாங்கமே கூப்பிடுகிற மாதிரி, தன் மானமும் போகாது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பதினைந்து நாளில் வந்து சேர்ந்து வாழ வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை என்று நோட்டீஸ் எழுதிப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவ ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, அதையும் சேர்த்துடுங்க" என்றார். வக்கீல் நோட்டீஸில் ஆட்டுக்குட்டியை எழுத முடியாது என்று எவ்வளவோ விளக்கினேன்.

"எங்க வூட்டு விஷயம் எதுவுமே உங்க சட்டத்துல இல்லியேம்மா."

வக்கீல் மட்டும் எதற்கு இரண்டு

ஒரு வாரம் கழித்து, நோட்டீஸை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அஞ்சலையே வந்து நின்றார். மகளை விட்டு மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இதற்கு நல்லதாக ஒரு பதில் எழுத வேண்டுமாம், நான்தான் எழுத வேண்டுமாம். எதிர்க்கட்சிக்கு நான் வக்கீலாக இருக்க முடியாது, நீங்கள் வேறு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு, ஒரே ரேஷன் கார்டு. வக்கீல் மட்டும் எதுக்கு ரெண்டு?" என்றார். முடியவே முடியாது என்று நோட்டீஸை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

போகிற போக்கில், "ஆடு பத்தி ஒண்ணும் எழுதலியே, குட்டி போட்டுச்சா?" என்று கேட்டார். இரண்டு என்று சொல்லிவிட்டேன். தொழில் தர்மப்படி சொல்லக்கூடாதுதான். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பிறகு, நோட்டீஸ் வந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தபால்காரரு வந்து கூப்பிட்டா தபால்காரரு கூடத்தாம்மா போகணும்."

ஒரே வண்டி

அடுத்த வருஷம் மாசி மாதம் இருவரும் சேர்ந்தே மாடிப்படி ஏறி வந்தார்கள். மனசு ஒரு நிமிஷம் குதித்தது. "ரெண்டு பேருக்கும் சம்மதம், தீர்த்து விட்டுடுங்க" என்றார் ஏழுமலை. இருவரும் சம்மதித்தால் ஒரே மனு, ஒரே வக்கீல் போதும். அஞ்சலை ஆசைப்பட்டது ஒருவழியாக நடந்தது.

முறையை விளக்கினேன். மனு போடும் முன் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் யோசிக்க நேரம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் நேரில் வந்து பிரியத்தான் போகிறோம் என்று சொன்னால் முடிந்தது. பிரிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஒன்றேகால் வருஷம் என்றார்கள். நடுவில் பார்த்துக்கொண்டீர்களா? "தினம் பார்க்குறோமே" என்றார் அஞ்சலை. ஒரே பாத்தியில் அவர் உப்பு வாருகிறார், இவர் கூடையில் அள்ளிச் சுமக்கிறார். மேஸ்திரி போட்ட ஜோடி. வேறு ஆளோடு கை ஒத்துவராது என்று இரண்டு பேருமே மாற்றிக்கொள்ளவில்லை. பாத்தியில் வேலைப் பேச்சு மட்டும், வீட்டுப் பேச்சு கிடையாது என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தார்கள். அங்கேயே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று ஏழுமலையைக் கேட்டேன். பாத்தி வாசலாகுமா என்று, அவர் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டார்.

அஞ்சலை கையெழுத்துப் போட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு பட்டுவிட்டது என்றார். உப்பளம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.

மனு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட் வாசலில் நின்றிருந்த கோதண்டம் தலையில் கைவைத்துக்கொண்டார். விவாகரத்து கேட்ட இருவரும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். அஞ்சலை கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு வேறு. ஜட்ஜ் பார்த்தால் என்ன நினைப்பார், தனித்தனியாக வரக்கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

"பஸ்ஸுக்கு நின்னா பத்து மணிக்கு எப்படிம்மா வர்றது, எனக்கு அவரோடதான் சண்டை, வண்டியோட இல்ல."

வேலைப் பேச்சு

நீதிபதி நல்ல மனுஷர், அவசரப்பட மாட்டார். தனித்தனி வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். ஒரே இடத்தில் வேலை செய்வதை நானே சொல்லிவிட்டேன், மறைத்துப் பழக்கமில்லை. அப்படியானால் பேசிக்கொள்வீர்களா என்றார். "வேலை விஷயம் மட்டும் பேசுவோங்க ஐயா" என்றார் ஏழுமலை. என்ன வேலை விஷயம்?

ஏழுமலை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "கூடையக் கொடு. அந்த வரப்பு வழுக்குது, பார்த்து நட. கால்ல வெடிப்பு ஆறிச்சா? வெயில் ஏறிடுச்சு, தண்ணி குடி. பொண்ணு ஸ்கூலுக்குப் போச்சா?" நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆவணியில் ஒரு தேதி கொடுத்துவிட்டு, நாங்கள் நகர்ந்த பிறகு என்னை மட்டும் அருகில் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"நானும் என் வீட்டம்மாவும் ஒரு நாளைக்கு இவ்வளவு பேசுறதில்லம்மா."

கயிறு

ஆவணித் தேதி வந்தது. அன்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் தீர்ந்துபோகும். கோர்ட் டவாலி இரண்டு பேர் பெயரையும் மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. கட்சிக்காரர்கள் வரவில்லை என்று சொல்லி இன்னொரு தேதி வாங்கினேன். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். விடிகாலையில் இடி மழை பெய்திருந்தது. வண்டியில் வழுக்கி விழுந்திருப்பார்களோ?

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி அஞ்சலையின் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் அண்ணன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். இரண்டு தெரு தள்ளி, ஏழுமலை வீட்டு வாசலில், வளர்ந்துவிட்ட இரண்டு குட்டிகளுக்கும் அஞ்சலை தழை போட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறாராம். என்னைப் பார்த்ததும், கோர்ட்டே இப்போதுதான் ஞாபகம் வந்தது போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பொழுது விடியும்போது கிழக்கே கருத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஏழுமலை ஓட்டமாக வந்து அம்மா வீட்டு வாசலில் நின்று, அண்ணன் பார்க்க, அக்கம்பக்கம் கேட்க, "அஞ்சலை, மழை வருது, உப்பு கரைஞ்சிடும், வா" என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அஞ்சலை துணிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் வக்கீல் புத்தி விடுமா? உப்பைக் காப்பாற்றத்தானே கூப்பிட்டார், அதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தேன். அஞ்சலை தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"குவியல முந்தாநாளே தார்ப்பாய் போட்டு மூடியாச்சும்மா, ஒரு பக்கக் கயித்த நான் கட்டுனேன், இன்னொரு பக்கம் அவருதான் கட்டுனாரு."

அடுத்த தேதிக்கும் அவர்கள் வராமல் மனு தள்ளுபடியானது. எத்தனை ஜோடியைச் சேர்த்து வைத்தீர்கள் என்று இனி யார் கேட்டாலும் ஒன்று என்று தலைநிமிர்ந்து சொல்வேன், அதற்காக நான் செய்ததெல்லாம் கட்சிக்காரர் வரவில்லை என்று இரண்டு முறை எழுந்து நின்று சொன்னதுதான்.