சித்தியின் கண்ணாடியும் பெட்ரோல் துணியும்

பிள்ளைகளே, பைக் துடைத்த துணியால் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கப் போனால் நான் ஏன் அப்படிக் கத்துகிறேன் என்று கேட்டீர்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்ணூரில் இருந்தோம். என் சித்தி ஒரு கம்பெனியில் இரும்பில் துளைபோடும் மெஷினில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். பெர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. கண்ணில் தூள் தெறிக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அது அவள் முகத்துக்குப் பெரிசு. அதனால் இரண்டு காதுக் கம்பிகளையும் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருப்பாள். கண்ணாடி வில்லு மாதிரி வளைந்தே இருக்கும்.

ஆயுத பூஜைக்கு அப்பா பைக்கை வைத்தார், அம்மா அரிவாள்மனையை வைத்தாள், சித்தி கண்ணாடியை வைத்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்து அவள் வேலைக்குக் கிளம்பும் காலையில், பொட்டைத் துடைத்துத் தரச் சொல்லி கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். தண்ணீரில் சந்தனம் போயிற்று, குங்குமக் கறை போகவில்லை. அப்பா பைக் செயின் துடைக்க வைத்திருந்த பெட்ரோலை நான் தொடவே கூடாது. தொட்டேன். துணியை நனைத்துத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது.

"இன்னாடா, புச்சு மாதிரி கீது! இன்னா வெச்சு தொடச்ச?"

"தண்ணிதான் சித்தி."

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் அழுதுகொண்டு வந்தாள். மெஷினில் நிற்கும்போதே கண்ணாடி தானாக விரிசல் விட்டிருக்கிறது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். "கீழ விழுந்து ஒடஞ்சது இல்லம்மா இது. வளைஞ்ச எடத்துல கோடு கோடா போயிருக்கு. பெட்ரோலோ பெயிண்ட் தின்னரோ பட்டிருக்கு, சொல்லிடு" என்றாராம்.

சித்தி சத்தியம் செய்திருக்கிறாள். தண்ணீர்தான் சார், எங்க அக்கா பையன் தொடச்சான், அவன் பொய் சொல்ல மாட்டான் என்று.

"கண்ணாடி போனா வேற தரலாம். பொய் சொல்றவங்கள நம்பி மெஷின்ல நிறுத்த முடியாது" என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்.

சொல்லி முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு கண்ணு, தண்ணிதான?"

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பாத்தியாக்கா?" என்றாள் அம்மாவிடம். மறுநாளிலிருந்து அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பெட்ரோல்தான் அப்போதே காய்ந்து காற்றோடு போய்விட்டதே, அது எப்படிக் கண்ணாடியை உடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருஷம் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்த பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டு துண்டுகளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்றை வளைத்துக் கட்டி, ஒன்றைச் சும்மா வைத்து, இரண்டின் மேலும் ஒரே தின்னரைத் தடவினார்கள். சும்மா கிடந்தது அப்படியே இருந்தது. இழுபட்டு நின்றது, யாரும் தட்டாமலே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டது. நான் பாத்ரூம் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

சித்தி அழுதுகொண்டு வந்த அன்று ராத்திரி, தன் தட்டிலிருந்த முட்டையை எனக்கு எடுத்து வைத்தாள். அப்பாவிடம் அடி வாங்காமல் தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் முழுசாகச் சாப்பிட்டேன்.