பங்கில் வந்த வியாழச் சந்தை

என் அண்ணனும் நானும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது ஒருவரை ஒருவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. கைகலப்பு வந்தது அதற்குப் பிறகு, ஒரு பைசா கொடுக்காமல் எங்களுக்குக் கிடைத்த கணினி விளையாட்டுகளைப் பிரிக்கும்போதுதான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடித்ததும், என் அம்மாவுக்கு ஒரு கால் ஏன் இல்லை என்பதையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ரோட்டை ஒட்டியிருந்த துண்டு நிலத்தை ஒரு கம்பெனி ஷெட்டுக்காக அப்பா விற்றார். அந்தக் கையோடு ஓசூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பையன்கள் இன்ஜினீயர் ஆகிவிடுவார்கள் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அண்ணன் ஃபிட்டர் ஆனான், நான் மெஷின் ஆபரேட்டர் ஆனேன். அப்பா இரண்டையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் மட்டும் எங்களுக்கு வேறொரு விதத்தில் உழைத்தது.

இன்டர்நெட்டில் விளையாட்டு விற்கும் கடைகள் உண்டு. ஒருவன் வாடிக்கையை இன்னொருவன் பிடுங்குவதற்காக, இந்தக் கடைகள் காசுக்கு விற்கிற பண்டத்தையே போட்டி போட்டுக்கொண்டு சும்மா கொடுக்கும். ஒரு கடை வாராவாரம் வியாழக்கிழமை ஒரு விளையாட்டைக் கொடுக்கும். அடுத்த வியாழனுக்குள் எடுத்துவிட்டால் அது நம் கணக்கில் ஏறி நம்முடையதாகிவிடும். எடுக்காவிட்டால் போனது போனதுதான். அதற்கு நாங்கள் வியாழச் சந்தை என்று பேர் வைத்திருந்தோம். இன்னொரு கடை மனசு வந்தால் கொடுக்கும், அதுவும் தீபாவளி, வருசப் பிறப்பு மாதிரி நாட்களில். அது பண்டிகைக் கடை. வியாழச் சந்தைக் கணக்கு அண்ணனுடைய ஈமெயிலில் இருந்தது, பண்டிகைக் கடை என்னுடையதில். பாஸ்வேர்டு இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஷிஃப்டில் இருந்தால் நான் எடுப்பேன், நான் ஷிஃப்டில் இருந்தால் அவன் எடுப்பான். பல வருசம் ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை.

விளையாடினோமா என்றால் இல்லை. எடுத்ததில் முக்கால்வாசி எங்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே திறக்காது. திறந்த ஒன்றிரண்டையும் பாதியில் விட்டுவிடுவோம். எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் யாரோ காசு கொடுத்து வாங்கியது நம்மிடம் சும்மா கிடக்கிறது என்பதில் ஒரு கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு எங்கள் இரண்டு பேருக்கும் சமமாக இருந்தது. இருபது வயதுக்கு மேல் அண்ணனும் நானும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி, கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தக்காளி போடப் போகிறேன் என்று அவன் சொன்னபோது பாகம் பிரிக்கும் பேச்சு வந்தது. தாய்மாமன் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். தம்பி எதை எடுத்துவிடுவானோ என்ற பயத்தில் அண்ணன் நேர்மையாகப் பிரிப்பான் என்று கணக்கு. அண்ணன் நேர்மையாகத்தான் பிரித்தான். போர்வெல் இருக்கிற கீழ்க்காடு ஒரு பங்கு, ரோடு பார்த்த மேல்காடு ஒரு பங்கு. நான் மேல்காட்டை எடுத்தேன். வீடு அவனுக்கு, ஓசூரில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனை எனக்கு. அம்மா ஆறு மாதம் அவனோடு, ஆறு மாதம் என்னோடு. அம்மா அங்கேயேதான் இருந்தாள், எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டு. எந்த ஆறு மாதம் எங்கே என்று அவளை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, அந்த விளையாட்டுக் கணக்குகளையும் பிரித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமாவுக்கு விளங்கவில்லை. அதில் என்ன விளையும் என்று கேட்டார். ஒன்றும் விளையாது, சும்மா வந்தது என்றேன். சும்மா வந்ததைப் பிரிக்க ஒரு பஞ்சாயத்தா என்று அவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. வியாழச் சந்தை ஒரு பங்கு, பண்டிகைக் கடை ஒரு பங்கு, எடுத்துக்கோ என்றான். தன் ஈமெயிலில் இருப்பதால் சந்தையை நான் தொடமாட்டேன் என்று நினைத்துவிட்டான். நான் சந்தையை எடுத்தேன். எடுக்கிற உரிமை என்னுடையது.

கணக்கை என் ஈமெயிலுக்கு மாற்ற வேண்டுமானால் பழைய ஈமெயிலுக்கு ஒரு நம்பர் வரும். அதை அண்ணன் படித்துச் சொல்ல வேண்டும். மாமா சாட்சியாக நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். ரோடு பார்த்த மேல்காட்டைக் கைநழுவ விட்டபோது வராத கோபம் அந்த எண்களைப் படிக்கும்போது வந்தது. எனக்கு அதைப் பார்க்க இனித்தது.

"ஓசியில வந்ததுக்கு எப்படிப் பறக்கிறான் பாருங்க மாமா" என்றான்.

"காடும் ஓசியில வந்ததுதான். நீ என்ன உழுதா சம்பாதிச்ச?" என்றேன்.

அவன் என் கன்னத்தில் அறைந்தான். நான் அவன் சட்டையைக் கிழித்தேன். அம்மா காபித் தட்டோடு நடுவில் வந்து, தட்டு ஒரு பக்கம் பறக்க, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். அன்றைக்கே ஓசூருக்கு வந்து ஒரு மாடி அறையில் வாடகைக்குக் குடியேறினேன். அவன் நம்பரை போனில் பிளாக் செய்தேன், வாட்ஸப்பில் செய்தேன், பேஸ்புக்கில் செய்தேன். அவனும் செய்திருந்தான்.

ஒரு இடத்தில் மட்டும் செய்யவில்லை. கொஞ்ச நாளிலேயே அண்ணன் வியாழச் சந்தையில் தன் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, எனக்கு நட்பு விண்ணப்பம் அனுப்பினான். அந்தக் கடையில் நண்பர்களாக இருந்தால் ஒருவர் வைத்திருப்பதை இன்னொருவர் பார்க்கலாம், செய்தியும் அனுப்பலாம். நான் சட்டென்று ஏற்றுக்கொண்டேன். சமாதானத்துக்காக இல்லை. பல வருசத்து விளையாட்டுகள் என் கணக்கில் வரிசையாக நிற்பதை அவன் பார்க்க வேண்டும், பார்த்து வயிறு எரிய வேண்டும். இனிமேல் அவன் எத்தனை வியாழன் எடுத்தாலும் போன வியாழன்கள் அவனுக்குத் திரும்ப வராது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எண்ணிக்கொள்வேன். திருப்தியாக இருக்கும்.

அம்மா முதல் ஆறு மாதம் அவனோடு இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலில் செருப்பு கடித்த ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்று ஒருமுறை போனில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல் என்றேன். அவளிடம் இருந்தது பட்டன் போன். சில வாரம் எடுப்பாள், சில வாரம் எடுக்க மாட்டாள். பிறகு ஒரு வாரம் மூன்று நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அண்ணன்தான் வேண்டுமென்று ஆஃப் செய்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். செய்யட்டும், எத்தனை நாளைக்குச் செய்வான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருவர் மேல் வெறுப்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணமாகத் தெரிவார்.

அதே வாரம் வியாழக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். கேன்டீன் இடைவேளையில் ஒரு கையால் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, போனில் இருந்த பிரவுசரில் சந்தையைத் திறந்தேன். அந்த வாரம் லாரி ஓட்டும் விளையாட்டு. எடுத்தேன், மூடினேன், கை கழுவப் போனேன். பிரவுசரில் எடுத்தால் பண்டம் ஏறுமே தவிர, நண்பர்கள் அனுப்பும் செய்தி தெரியாது. அதற்குத் தனி ஆப் வேண்டும். அது என் போனில் இல்லை, அறையில் வாங்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பல வாரம் ஆகியிருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "உங்கம்மாவுக்கு இப்ப பரவால்லியா? வீட்டுக்குக் கூட்டினு வந்துட்டாங்களாமே" என்றார். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பரவாயில்லை என்றேன். அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம்பா. பெத்தவ இல்ல" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி, ஷிஃப்டுக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் வந்த கெலமங்கலம் பஸ்ஸில் ஏறினேன்.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதம் வரை எழும்பி இருந்தது. மறுபக்கம் முழங்காலோடு தட்டையாக விழுந்து கிடந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினான். வியாழச் சந்தையின் செய்திப் பெட்டி. லாரி விளையாட்டை நான் எடுத்த அதே வியாழக்கிழமை மதியம் அவன் எனக்கு எழுதியிருந்தான்.

அம்மாவுக்குக் கால் ரொம்ப மோசம். பெங்களூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். பாதத்தை எடுக்கணும்ங்கறாங்க. சின்னவன் வந்து பாத்து சரின்னு சொல்லட்டும், அப்புறம் எடுங்கன்னு கையெழுத்து போட மாட்டேங்கறா. உடனே வா.

"தம்பிக்குச் சொல்லியாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். "சாயங்காலம் உன் கணக்குல லாரி விளையாட்டு ஏறுச்சு. பாத்துட்டான், கெளம்பி வந்துனு இருக்கான்னு அம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் உனக்காகப் பாத்தா. அதுக்குள்ள அழுகல் முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு."

எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் போகிற கார் ஓசூர் வழியாகத்தான் போக வேண்டும். என் தெரு திரும்புகிற முனையைத் தாண்டித்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அந்த முனையில் நிறுத்தி ஒரு குரல் கொடுக்க உன்னைத் தடுத்தது எது என்று கத்தினேன். அம்மாவின் போனிலிருந்து அடித்திருக்கலாம், கம்பெனிக்குப் போன் செய்திருக்கலாம், ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம், விளையாட்டுக் கடையில் போய் எழுதி வைப்பாயா என்றேன். நான் சொன்னது அத்தனையும் சரிதான். இன்றைக்கும் சரிதான்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "நீ கதவைத் திறப்பேன்னு எனக்கு என்ன நிச்சயம்? எல்லாத்தையும் அடச்சுட்ட. அங்க ஒண்ணுதான் தொறந்து வெச்சிருந்த. வியாழக்கிழமை தவறாம வருவேன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

அவன் எனக்கு வஞ்சகம் செய்தான் என்று நான் இன்னும் நம்புகிறேன். பழி என் மேல் விழ வேண்டும் என்று தேடிப் பிடித்து அந்த இடத்தில் எழுதினான். சில நாள் அப்படியும் நம்ப முடிவதில்லை. என்னைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயத்தை நம்பி அவன் எழுதியிருக்கலாம். அந்த நினைப்பு வந்தால் அவன் மேல் இன்னும் கோபம்தான் வருகிறது.

அம்மாவுக்கு ஆப், பிரவுசர் எல்லாம் எப்படிச் சொல்வது? கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் போனது ஒரு வழி, சேதி இருந்தது இன்னொரு வழி என்று ஏதேதோ சொன்னேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நீ அங்க வந்தியா இல்லியா?"

"வந்தேன்மா. ஆனா..."

"வந்து எடுத்துக்கினியா?"

"எடுத்தேன்."

"சரி" என்றாள். அவள் காலைத் தொடப் போனேன். எந்தப் பக்கம் தொடுவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் அம்மா என் பங்கு. மாமாவுக்குப் போன் செய்து நாள் சொன்னேன். கீழ்த்தளத்தில் வாடகை வீடு பார்த்து, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, ஒரு சக்கர நாற்காலியும் வாங்கி வைத்தேன். ஷிஃப்ட் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளையும் பேசி வைத்திருந்தேன். கார் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் தடுக்கவில்லை. அம்மாவின் துணிப்பையைக்கூட எடுத்து வெளியே வைத்திருந்தான். அவள்தான் கட்டிலை விட்டு அசையவில்லை. ஆறு மாதம் என்று அன்றைக்கே பேசியதுதானே என்று மாமா மெல்ல எடுத்துச் சொன்னார்.

"பெரியவன் பிரிச்சான், சின்னவன் எடுத்தான். அதோட முடிஞ்சு போச்சு" என்றாள் அம்மா. "எது வேணுமோ அத அவன் அன்னிக்கே எடுத்துக்கினான். அத வெச்சுனு இருக்கச் சொல்லுங்க."

என்னிடம் சொல்லவில்லை, மாமாவிடம்தான் சொன்னாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் வெளியே வந்து துணிப்பையை மறுபடி உள்ளே எடுத்துப் போனான். நான் காலிக் காரோடு ஓசூருக்கு வந்தேன். அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் அந்த வாரத்து விளையாட்டை எடுத்தேன்.