அக்காவை அடையாளம் காட்டிய கையெழுத்து

திருநெல்வேலி டாக்டர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு என் மகனிடம் சொன்னார், மறதி நோயின் ஆரம்பம் என்று. என் மூளையைப் பற்றி எனக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

பத்தாம் நாள் ஒரு பத்திரத்தோடு வந்தான். பவர் எழுதித் தர வேண்டுமாம். கோவில்பட்டி வீடு, கழுகுமலை ரோட்டில் இருக்கிற கரிசல் காடு, இரண்டையும் எனக்குப் பதிலாக அவன் பார்த்துக்கொள்வானாம். விற்பது உட்பட.

"யம்மா, நீ நல்லா இருக்கும்போதே எழுதிட்டா பின்னால அலைய வேண்டாம்லா."

"பின்னாலன்னா எப்பலே? எனக்குக் கிறுக்குப் பிடிச்ச பெறகா?"

பேனாவை நீட்டினான். நான் வாங்கவில்லை.

பவர் எப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவுக்கு நினைவு தப்பிப்போன பிறகு அவள் மகன் அவளைப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். வாசல் வேப்பமரத்தடியில் வைத்துப் பாடம் நடத்தினான். "பேரு கேப்பாவ, சொல்லு. சம்மதமான்னு கேப்பாவ, ஆமான்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத."

அக்கா தன் பெயருக்குப் பதிலாக எங்கள் அம்மா பெயரைச் சொன்னாள். திருத்தியது நான்தான். நாலாவது தடவை சரியாக வந்தது. "பாஸாயிட்டாவளே" என்று பத்திரம் எழுதுகிறவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே சம்மதமா என்று கேட்டபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆமா என்றாள். இவரை எனக்குத் தெரியும் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இங்கே எல்லாரும் இதை உதவி என்றுதான் நினைக்கிறோம்.

அந்த வருசமே அக்கா வீட்டை அவள் மகன் விற்றுவிட்டான். "ஏட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று சாகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் மகனுக்குத் தெரியாமல் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாளையும் நான் நம்பவில்லை. என் மகனைத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"பவரு நீங்க தெளிவா இருக்கிற வரைக்குந்தான் செல்லும். சித்தம் போயிட்டா அதுவும் போச்சு. பெறகு ஒங்க சொத்தப் பாக்க கோர்ட்டுதான் ஒரு ஆள நியமிக்கணும்."

"அப்ப எங்க அக்கா எழுதினது?"

"அது எழுதும்போதே செல்லாதும்மா. ஆனா, யாரு போய்ச் சொன்னா?"

போய்ச் சொல்லியிருக்க வேண்டிய நான்தானே சாட்சி.

பவர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்கு நினைவு போன பிறகு வைத்தியம் பற்றி யார் முடிவெடுப்பது என்று இப்போதே எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடலாமாம். யார் பெயரை எழுத? என் கொழுந்தன் பொண்டாட்டி பெயரைச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, இருபது வருசமாக எனக்கும் அவளுக்கும் ஆகாது.

"என்ன திடீர்னு எம்மேல பாசம்?" என்றாள்.

"பாசமும் இல்ல, மண்ணும் இல்ல. ஒன்னைய யாரும் ஆமா சொல்ல வைக்க முடியாது. அதுக்குத்தான்."

"ஒனக்கு நெசமாவே கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தேடினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு இடம் புரியவில்லை என்று என்னை மறுபடி வக்கீலிடம் துரத்தினாள். அதன் பிறகுதான் சம்மதித்தாள். என்னை யாராவது பதிவு ஆபீசுக்குக் கூட்டிப் போனால் வந்து கத்த வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். கத்துவதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகன் கொண்டுவந்த பத்திரம் பீரோவில் இருக்கிறது. கிழித்தால் வேறு கொண்டுவருவான். தினமும் காலையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன், என் கையெழுத்து இருக்கிறதா என்று.