சின்னப் பெட்டி பாடுமா?

ரேடியோ வியாபாரத்தில் காது மந்தமானவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். கண்ணால் பாட்டுக் கேட்கிறவர்களிடம்தான் என் தொண்டை கட்டியது. கடை வைத்து அவதிப்பட்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சரக்கை ஏலம் போட்டார்கள். அதில் பதினாலு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளை நான் அடித்துப் பிடித்து எடுத்தேன். ஒரு முழ உயரம்கூட இல்லை. புத்தக அலமாரியில் இரண்டு அகராதிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். முன் அறையில் இருக்கும் ரேடியோவிலிருந்து கம்பி இழுத்தால் உள் அறையில் இது பாடும். கடையில் பாதிப் பங்கு என் அக்கா புருஷனுக்கு. ஏரல் பக்கத்துக் கருப்பட்டியை வாங்கி விற்கிறவர். பெட்டிகளைப் பார்த்தார். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன் மாப்ளே. ஒண்ணு மிஞ்சினாலும் இந்தக் கடை என் கருப்பட்டி மூட்டை அடுக்குற கிட்டங்கி" என்றார். மூட்டை சுமந்து, ஏமாந்து, அடிபட்டு நானே தேடிக்கொண்ட கடை. விட்டுவிடுவேனா?

எடை

முதலில் வந்தவர் ஓர் உப்பளத்துக்காரர். பாட்டுப் போடுவதற்கு முன்பே பெட்டியை ஒரு கையால் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "தூக்க லேசா இருக்கேவே. பாட்டும் லேசாத்தான் இருக்கும். அடுத்த தெருக் கடையில ஒரு பெட்டி இருக்கி, ரெண்டு ஆள் பிடிக்கணும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பாட்டைக் கேக்கப் போறீரா, தலையில சுமக்கப் போறீரா? எடை பாக்கணும்னா உம்ம உப்பைப் போய்ப் பாரும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் பெட்டியைப் பதமாகக் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பெட்டி எப்படியோ, உம்ம வாய்க்குக் கம்பியே வேண்டாம்வே."

துண்டு

இரண்டு மாதத்தில் மூன்று பெட்டிதான் போயிற்று. அப்போதுதான் காயல்பட்டினத்து முத்து வியாபாரி ஒருவர் வந்தார். அண்ணன் என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பாட்டைப் பொறுமையாகக் கேட்டார். விலை பேசும்போது கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். முத்துக்காரர்கள் பேரம் அப்படித்தான். இத்தனை விரல், இத்தனை அழுத்தம் என்றால் இன்ன விலை. வாய் திறக்கமாட்டார்கள், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. அவர் அடிமாட்டு விலைக்கு மெதுவாக அழுத்த, நான் கோபத்தில் அவர் விரலை நெரித்தேவிட்டேன். அவர் முகம் மாறவில்லை.

பேரம் படிந்தது. கையை உதறிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாங்க விலையையே துணிக்குள்ள வெச்சுப் பேசுறோம். நீங்க ஏன் தம்பி பெட்டியைத் திறந்து வெச்சுப் பாட விடுறீங்க?"

முகம்

மறுநாளே ஒரு பெரிய பெட்டி, ஒரு நடுத்தரம், ஒரு சின்னது என்று மூன்றை வரிசையாக வைத்து மூடினேன். முதல் நாள் ஜமுக்காளத்தால் மூடியது என் புத்திகெட்ட வேலை. மூன்றும் சளி பிடித்த மாதிரிப் பாடின. அப்புறம் உருவம் தெரியாதபடி மெல்லிய மல் வேட்டி ஒன்றை முன்னால் திரையாகக் கட்டினேன். ஒரே கிராமபோன் தட்டு, ஒரே சத்தம், கம்பியை மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாற்றுவேன். வந்தவர் கேட்டுவிட்டுப் பிடித்த பக்கம் விரலைக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

நாசரேத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சரம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மத்த ரெண்டுலயும் பாடுறவங்க வார்த்தை கொழகொழன்னு வருது. இதுல ஒவ்வொண்ணும் தெளிவா விழுது" என்று சின்னப் பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார். நான் பெருமையாக வேட்டியை விலக்கப் போனேன். டீச்சரம்மா தடுத்துவிட்டார். "எடுக்காதீங்க. முகத்தைப் பாத்தா மனசு மாறிரும். துணியோடயே கட்டிக் குடுத்துருங்க."

உறுமல்

பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் ஆள் விட்டார். பெட்டி உறுமுகிறதாம், திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒன்று திரும்பினால் ஊரே திருப்பும். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குப் போனேன். போன வேகத்தில் தண்டலையும் அவர் வீட்டம்மாவையும் ஒரு பாட்டம் பேசியும்விட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். பெட்டி சுவர் அலமாரியில் பித்தளைத் தம்ளர் அடுக்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பாட்டில் தவில் அடி விழும்போதெல்லாம் தம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. பெட்டியை எடுத்துக் கனத்த மேசைமேல், உட்கார்ந்தால் காதுக்கு நேராக, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன். உறுமல் போய்விட்டது. அந்த அம்மா தம்ளர்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்தத் தம்ளரைக் கண்டுபிடிக்கவா இம்புட்டுச் சத்தம் போட்டீரு?"

கடைசி ஒன்று

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒரு பெட்டி மிச்சம். அத்தான் கருப்பட்டி வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். "ஒண்ணு நிக்கில்லா? பேச்சு பேச்சுதான்" என்றார். கத்த வேண்டும்போல் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "வந்ததுக்கு ஒரு தட்டுக் கேட்டுட்டு இறக்குங்க அத்தான்" என்று ஸ்டூலைப் போட்டேன்.

வேட்டிக்குப் பின்னால் இரண்டே பெட்டிகள்: பெரியது ஒன்று, மிஞ்சின சின்னது. சின்னதை மட்டும் மூலைச் சுவரை ஒட்டித் தள்ளினேன். மூலை கிடைத்தால் தவில் மாதிரிக் கனத்த அடிச்சத்தம் கூடும். அது களவு இல்லை, எவர் வீட்டிலும் மூலை உண்டு. நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். இரண்டையும் கேட்டார். எப்படியாவது பெரிய பெட்டியை ஜெயிக்கவைத்து என் வாயை மூடவேண்டும் அவருக்கு. தவில் நெஞ்சில் இடித்த பக்கமாக எழுந்து போய், வேட்டிமேல் தட்டினார். "இந்தா இருக்கில்லா பெரிசு. இதுக்கு முன்னால உன் சுண்டைக்காய்ப் பெட்டி நிக்குமாலே?"

வேட்டியை அவர் கையாலேயே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். அங்கே இருந்தது சின்னப் பெட்டி. அதைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி முதுகையும் பார்த்தார். வாசலில் வண்டிக்காரன், மூட்டையை இறக்கவா என்று கேட்டான். அத்தான் திரும்பாமலே சொன்னார்: "கருப்பட்டி எங்கனயும் கிடக்கும், வண்டியைத் திருப்பு. மாப்ளே, இதுக்குக் கம்பி எங்க வீட்டு அடுக்களை வரைக்கும் எட்டுமா?"

ஆக, இந்தத் தொழிலில் வாங்க வருகிறவர் கண்ணையும் விற்கிறவன் வாயையும் கட்டவேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். முதலாவதற்கு ஒரு மல் வேட்டி போதும், இரண்டாவதற்குத் தக்க துணி எனக்கு இன்னும் அகப்படவில்லை.