பின்சுவரில் நனையாத இடம்

ஊரில் அவளை ‘ஈரக்கை’ என்றால்தான் தெரியும். இருபது வருடம் சித்தாள் வேலை. கலவைச் சட்டியும் தண்ணீர்க் குடமுமாகத் திரிந்ததில் கை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு செங்கல்லைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே வெந்ததா, அரைவேக்காடா என்று சொல்லிவிடுவாள். மணலை உள்ளங்கையில் கசக்குவாள். சேறு ஒட்டினால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அடுத்தவர் வீடுகளில் அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த சுவர்களை வரிசையாக நிறுத்தினால் பக்கத்து டவுன் வரை போகும். அவள் மட்டும் ஒன்பது வயது மகளோடு, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை மண்வீட்டில் இருந்தாள்.

கணவன் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரன். ஆறு வருடத்துக்கு முன்னால் தூரத்து நகரம் ஒன்றுக்கு வேலைக்குப் போனான். நாலு மாதம் போன் வந்தது. பிறகு இல்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

அப்படியிருக்கும்போதுதான் வீடில்லாதவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு அவளைத் தேர்ந்தெடுத்தது. சிமென்ட் மூட்டையாகக் கொடுப்பது கிடையாது, கான்டிராக்டர் கிடையாது, நடுவில் எந்தக் கையும் கிடையாது. பணம் மூன்று தவணையாக நேரே அவள் கணக்குக்கு வரும். சரிபார்க்க வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“யாரை வெச்சுக் கட்டணும், எதை வாங்கணும், எல்லாம் உங்க இஷ்டம்மா. சுவர் முழுசா எழுந்ததும் வந்து பார்ப்பேன். விரிசல் இருக்கக் கூடாது, பழைய வீடு நிக்கக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தாதான் கூரைக்குப் பணம் வரும். வாசல் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுப்பேன், அவ்வளவுதான்.”

இஷ்டம் என்ற சொல்லை அவளிடம் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. அன்று முழுக்க அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் தவணை வந்ததும், இத்தனை வருடம் தன்னை விரட்டி வேலை வாங்கிய மேஸ்திரியையே கூலிக்குப் பேசினாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

“காலம் பாரு. இனிமே நீ முதலாளி, நான் கூலியா?”

“ஆமா அண்ணே. பத்து நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

கட்டுகிற காலத்தில் எங்கே குடியிருப்பது? வாடகைக்குப் போனால் செங்கல் காசு கரையும். அதனால் மண்வீட்டைச் சுற்றியே புதுச் சுவரை எழுப்பச் சொன்னாள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு சந்து. சுவர் முடிகிற வரை உள்ளே இருந்துகொண்டு, கடைசியில் மண்வீட்டை உடைத்து அள்ளிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். தப்பு வேறு இடத்தில் நடந்தது. மண்வீட்டுக் கதவு பின்பக்கம், வயல் பாதையைப் பார்த்து இருந்தது. கணவன் போனதும் அந்தப் பாதையில்தான். மேஸ்திரி, “போட்டோவுல வாசல் எடுப்பா விழணும், தெருப் பக்கம் வெச்சிடுவோம்” என்றார். கலவை இறுகிக்கொண்டிருந்த அவசரத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

சுவர் எழ எழ மண்வீட்டுக்குள் வெளிச்சம் வடிந்தது. இடுப்பளவு ஏறியபோது கதவு வழியாகத் தெரிந்த வயல் போயிற்று. தலைக்கு மேல் போனபோது பட்டப்பகலில் உப்பு டப்பாவைத் தடவி எடுக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தால் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் செங்கல். வெளியே போக வேண்டுமென்றால் சந்துக்குள் பாதிச் சுற்று நடந்து தெரு வாசலுக்கு வர வேண்டும். பேசினால் பேச்சு சுவரில் பட்டு, யாரோ யோசித்துச் சொல்வதுபோல் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது.

ஒரு மத்தியானம் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அம்மா, சந்துக்குள்ள யாரோ நடக்கறாங்க.”

“எலிடி.”

“எலி செருப்பு போடுமா?”

அவளும் காது கொடுத்தாள். தேய்ந்த செருப்பு. மெதுவாக வீட்டைச் சுற்றி வந்தது. தெரு வாசல் பக்கம் நிற்கவே இல்லை. பின்பக்கம், பழைய கதவுக்கு நேராக வந்ததும் நின்றது. உள்பக்கம் நடப்பதா, புதுச் சுவருக்கு வெளியே நடப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வயல் பாதையில் வெயில் மட்டும் நின்றது.

மறுநாள் சுவருக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அதைப் பார்த்தாள். புதுச் சுவருக்கு மூன்று வேளை தண்ணீர் காட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டு வேலை பிடிக்காது. நனைந்த சுவர் நான்கு பக்கமும் கருத்து நின்றது. பின்சுவரின் வெளிப்பக்கத்தில், பழைய கதவுக்கு நேராக, ஓரிடம் மட்டும் கண்ணெதிரே வெளுத்தது. இன்னொரு குடம் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீரை யாரோ முதுகால் ஒற்றி எடுத்ததுபோல் அதே இடம், அதே அளவு. ஆள் உயரம். மேலே தலை அளவுக்கு ஒரு வட்டம், கீழே இரண்டு தோள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். பலகை சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிப்போன ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும். வேலை விட்டு வந்ததும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அப்படித்தான் சாய்ந்து நின்று காலிலிருந்து மணலைத் தட்டுவான்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“நிழல்ல இருக்கிற சுவர். எப்படிச் சுடுது?”

“நீங்கதானே மேஸ்திரி, நீங்க சொல்லுங்க.”

“இந்த இடம் இப்படியே காஞ்சா நாளைக்கே விரிசல் விடும். கூரைக் காசு வந்த மாதிரிதான்.”

“இடிச்சிடுங்கண்ணே. இந்த இடத்துல ஒரு கதவு வைங்க.”

“பைத்தியமா உனக்கு? கட்டி முடிச்ச சுவத்தை உடைச்சா பக்கத்துலயும் பிளக்கும். அந்தாளு வந்து பார்த்து, முடியாதுன்னுட்டுப் போவாரு. அப்புறம் பொண்ணை வெச்சுக்கிட்டு வானத்துக்குக் கீழதான் படுக்கணும்.”

அது அவளுக்குத் தெரியாதா? மண்வீடும் போய், கூரையும் வராமல் போனால் நான்கு சுவருக்கு நடுவே மழைதான் குடியிருக்கும். ஆனால் வந்தவன் வாசல் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, உள்ளே எப்படிச் சோறு இறங்கும்?

“ஜன்னலுக்கு வெச்சிருந்த காசுல, கதவுக்கு மேல பாரம் தாங்க ஒரு லிண்டல் வாங்கிக்கலாம். நிலையும் கதவும் வாங்க வேணாம், பழசே இருக்கு.”

“யாருக்குடி இது?”

“என் இஷ்டம்ணே.”

மேஸ்திரி உளியை எடுத்தார். கல் கல்லாகச் செதுக்கி, முட்டுக் கொடுத்து, லிண்டலை ஏற்றி, இரண்டு நாளில் வழி திறந்தார். எடுத்த கற்களை அவள் தனியே அடுக்கினாள். ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் சுட்டது. பழைய கதவைப் பெயர்த்து அங்கே நிறுத்தினார்கள். அன்று மாலை ஊற்றிய தண்ணீரில் பின்சுவர் முழுவதும் ஒரே சீராகக் கருத்தது. விரிசல் ஒரு மயிரிழைகூட இல்லை. மண்வீட்டை உடைத்து அந்தக் கதவு வழியாகவே கூடை கூடையாக வெளியே கொட்டினாள்.

சரிபார்ப்பவர் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை மூலையாகத் தடவினார். தெரு வாசலில் அம்மாவையும் மகளையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார். பிறகு பின்பக்கம் வந்து நின்றார்.

“இவ்வளவு சின்ன வீட்டுக்கு ரெண்டு வாசல் எதுக்கும்மா?”

“ஒண்ணு போட்டோவுக்கு சார். ஒண்ணு வீட்டுக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, நிலைப்படியில் நின்று காகிதத்தில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தாமலே, தலையைத் தூக்காமலே, உடம்பை ஒடுக்கி ஒரு பக்கமாக ஒதுங்கினார். பஸ்ஸில் இறங்குபவருக்கு ஒதுங்குவோமே, அப்படி. ஒரு மூச்சு நேரம் கழித்து மறுபடி நடுவில் வந்து நின்றார். தான் ஒதுங்கியது அவருக்கே தெரியாது. மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுவர் நல்லா இருக்கு. பணம் வந்துடும்” என்றார்.

வந்தது. கூரை ஏறியது. மேஸ்திரி தரைக்குச் சிமென்ட் பூசிவிட்டு, “ஏழு நாள் ஈரம் காயாம பார்த்துக்க, உனக்குச் சொல்லணுமா” என்று போனார்.

மறுநாள் காலை அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தரை முழுக்கக் கருத்து மின்னியது. பின்கதவுக்குப் பக்கத்தில் மட்டும், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த ஓர் ஆள் அளவுக்கு, வெளுத்துக் காய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் தரை பலமில்லாமல்தான் போகும். கை வைத்துப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது.

மகள் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள். “அங்க ஊத்தலையாம்மா?”

“வேணாம். நடந்து வந்த களைப்பு.”

அந்த இடத்தைத் தொடாமல், சுற்றி மட்டும் தண்ணீரைத் தெளித்தாள்.