முயல்களுக்குக் கூடப் போட்ட தீனி

என் தம்பி எதையெல்லாம் ஜெயித்தான் என்று கேட்டால், முதலில் மூச்சைத்தான் சொல்வேன். ஒரு வயது தாண்டமாட்டான் என்றார்கள், தாண்டினான். பிறவியிலேயே நெஞ்செலும்பு உள்வாங்கி, நடுமார்பில் ஒரு கிண்ணத்தை வைக்கலாம் போல் குழி. மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏற முடியாமல் பள்ளியை விட்டவன், நான்கு மாடிக் கட்டடத்தில் வேலை வாங்கினான். உடல்தகுதி பார்த்த மருத்துவர், "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு எப்படிய்யா மூட்டை தூக்குவே?" என்றபோது, "நெஞ்சாலயா தூக்கப் போறேன் சார்?" என்றானாம். 'குழியன்' என்ற பட்டப்பெயரை மட்டும் அவனால் ஜெயிக்க முடியவில்லை.

வேலை, ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்வது. அங்கே குட்டி முயல்களை மயக்கி, ஒருபக்க விலா எலும்புகளை நூலால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வளர வளர மார்புக்கூடு கோணும். அந்தப் பக்க நுரையீரல் இடமில்லாமல் சிறுத்துவிடும். சிலவற்றுக்குப் பாதியில் கட்டை அவிழ்த்து, நுரையீரல் மீள்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லா முயலுக்கும் ஒரே அளவு தீனி. அதைத் தராசில் நிறுத்துப் போடுவது தம்பியின் பொறுப்பு.

மாலையில் சட்டையெல்லாம் வைக்கோலோடு வருவான். நான் தையல் கடையில் காஜா எடுத்துக் கண் எரிய வருவேன். இரண்டு பேருக்கும் பேசத் தெம்பிருக்காது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவான்.

இரண்டு வருடம் கழித்து முடிவு வந்தது. கட்டு அவிழ்த்த முயல்களின் நுரையீரல், ஒப்பிடுவதற்காகக் கட்டாமலே வளர்த்த முயல்களுக்குச் சமமாக வளர்ந்திருந்தது. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். தம்பி அன்று தட்டைத் தொடவில்லை.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எதைடா எடுத்தே?"

"எடுக்கல. கூடக் குடுத்துட்டேன். கட்டு அவிழ்த்ததுங்க மூச்சு வாங்கிக்கிட்டு மூலையில கெடக்கும். பார்க்கப் பொறுக்கல. தினம் ஒரு பிடி கூடப் போட்டேன். அதுலதான் வளந்துச்சோ என்னவோ."

"யாருக்குத் தெரியும்? பேசாம இரு. வேலை போச்சுன்னா இந்த வயசுல உன்னை எவன் சேர்த்துக்குவான்?"

"நாளைக்கு என்னை மாதிரி ஒரு பொடியனைக் கத்திக்குக் கீழ படுக்க வைப்பாங்க. இந்த முயலைப் பார்த்துத்தான் அதுக்கு நாள் குறிப்பாங்களாம்."

மறுநாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினான். நான் அவசரப்படுத்தவில்லை.

டாக்டரம்மா கேட்டு முடித்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவர், "முயலுக்கு மாமியார் வீட்டு விருந்தாய்யா போட்டே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் டாக்டரம்மா.

"கட்டு அவிழ்த்த நாள்ல இருந்தேம்மா."

"ரெண்டு வருஷம்யா. மறுபடி முதல்ல இருந்து வரணும். மறுபடி அத்தனை முயல்." கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை என்று தோன்றியது. பிறகு, "தீவன அறைச் சாவியைக் குடுத்துடு. கூண்டு வேலையை மட்டும் பாரு" என்றார். வேலை தப்பியது. தம்பி சாவியை மேசையில் வைத்தான்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் சொல்லச் சொல்ல கால்நடை மருத்துவர் எழுதினார். பிறகு வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்தினார். சம்பளத்துக்கும் அவன் இதுவரை கட்டைவிரல்தான் வைத்து வந்தான்.

"வேணாம் சார், பேனா குடுங்க. கைநாட்டு வச்சா, விவரம் தெரியாதவன் ஏதோ பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க. நான் தெரிஞ்சேதான் போட்டேன்."

பள்ளியில் படித்த கொஞ்ச எழுத்தை யோசித்து யோசித்து, மூச்சு வாங்க, தன் பெயரை முழுதாக எழுதினான். ஒரு எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. என் தம்பி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2010 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை.