நான் விழுங்கிய ஓர் எழுத்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருவன் என் நாத்தனார் மகன். அவனை விட்டுவிட்டு யாராவது நாலு பிள்ளை என்றால் எனக்குக் கோபம் வரும். தாராவியில் ஓர் அறையும் மேலே ஒரு தட்டும் உள்ள வீட்டில்தான் ஐந்து பேரும் ஆளானார்கள். பழைய சாமானுக்கு இங்கே பங்கார் என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பங்கார் கூடத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசி மகள் படம் எடுக்கிறவள். கல்யாண வீட்டுப் படம் இல்லை, ஊர் ஊராகப் போய் எடுக்கிற படம். இரண்டு வருடம் நாடு முழுக்கச் சுற்றினாள். வரும்போதெல்லாம் படங்களை மேல்தட்டில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இன்னொரு பிரதியைக் கறுப்பு டப்பா ஒன்றில் ஏற்றிக் கூடவே கொண்டுபோவாள். ஏற்றும்போது எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டுவாள். திருநெல்வேலிக்கும் பம்பாய்க்கும் நடுவில் ரயில் ஜன்னலில் தெரிந்ததைத் தவிர வேறு ஊரை நான் பார்த்ததில்லை. கல்கத்தாவில் ஒருவன் கழுத்து மறையச் செவ்வந்தி மாலைகளைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் விற்கிறான். பஞ்சாபில் கோதுமை வயல் நடுவே ஒரு கயிற்றுக் கட்டில், அதில் ஆளே இல்லை. கொங்கண் கடற்கரையில் காக்காய்க்குப் பயந்து கருவாட்டுக்கு மேலே பழைய வலையைக் கட்டியிருக்கிறார்கள். குஜராத் உப்பளத்தில் ஒரு பெண் குடத்தோடு முதுகைக் காட்டி நிற்கிறாள், அவள் காலடித் தண்ணீரில் வானம் கிடக்கிறது.

"எந்த ஊருன்னாலும் பொம்பளையெல்லாம் குடத்தோடதான் நிக்காளுவ" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மகள் குடங்களையே தேடித் தேடி எடுத்தாள். பித்தளை, மண், நீலப் பிளாஸ்டிக். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குடங்களைப் புத்தகமாகப் போட, பக்கத்து மாட்டுங்காவில் ஒருவர் ஒத்துக்கொண்டார். எல்லாப் படத்தையும் அவரிடம் கொடுக்க நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் காலை ரத்னகிரியிலிருந்து மகளின் போன் வந்தது. குரல் அழுதது.

"அம்மா, படகுல இருந்து எறங்கையில பை தண்ணிக்குள்ள விழுந்துட்டு. டப்பா போச்சு. இனி வீட்டுல இருக்கதுதான் மிச்சம். பிள்ளைட்ட சொல்லி என் படத்த எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு. சாயங்காலம் வந்துருவேன். மறந்துராத."

"எனக்கா மறதி?" என்றேன்.

பிள்ளை என்றது என் மூத்த மகனின் மகளை. பதின்மூன்று வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், மனசுக்குள் இந்திதான் ஓடும். அத்தையின் படங்களால் கம்ப்யூட்டர் நிறைந்துபோய்த் தன் பள்ளிக்கூட வேலையை வைக்க ஜாகா இல்லை என்று அவளுக்கு வெகு நாளாகப் புகார்.

மதியம் அவள் வந்தபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஏட்டி, ஒங்க அத்தை அவ படத்த எல்லாம் எடுத்துரச் சொன்னா."

"சச்சியா ஆச்சி, நெசமாவா? எல்லாமா?"

"எல்லாந்தான். ஒண்ணு விடாம."

கொஞ்ச நேரத்தில் மேல்தட்டிலிருந்து சத்தம் வந்தது. "எடுத்தாச்சு ஆச்சி!"

சொன்னதும் செய்கிற பிள்ளை என்று பொரித்த துண்டில் பெரியதை அவளுக்கு வைத்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மேலே ஏறினாள். பிள்ளையும் நானும் பின்னாலேயே ஏறினோம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "ஏட்டி, என் படம் எங்க?"

"எடுத்துட்டேன் அத்தை. ஆச்சிதான் சொன்னாங்க."

"எடுத்து எங்க வச்ச?"

"வைக்கல. எடுத்துட்டேன். நிக்கால் தியா."

அகற்றிவிட்டாளாம். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருசம்ட்டி, ரெண்டு வருசம்!" என்று அவள் கத்த, பிள்ளை உதடு பிதுங்கி என்னைப் பார்த்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகள் 'எடுத்து வை' என்றாள். நான் 'எடுத்துரு' என்று சொன்னேன். நடுவில் ஒரு 'வை'யை விழுங்கியது நான். ஐந்து பேரை வளர்த்த வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை. பிள்ளையின் கண்ணில் நீர் நிரம்பியதும் வந்துவிட்டது.

"அவளை வையாத. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு என் பழைய தொழில் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கூடத்தில் எந்த மூட்டையையும் கையால் புரட்டிப் பார்க்காமல் வெளியே கொட்டமாட்டோம்.

"எடுத்து எதுலட்டி போட்ட?"

"டஸ்ட்பின்ல, ஆச்சி. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும்."

"அதைக் கொட்டியாச்சா?"

"கொட்டணும்னா தனியா அமுக்கணும். அமுக்கல."

மகள் தலை நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்தால் அவளுக்கே தோன்றியிருக்கும், படித்தவள். ஆனால் முதலில் கேட்டது நான்.

அவள் எதையோ அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று எறும்பு மாதிரி நகர்ந்தது. கோடு முடிந்ததும் உப்பளத்துப் பெண் முதலில் வந்தாள், குடத்தோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் பித்தளை, மண், நீலம் எல்லாம் வரிசையாக வந்தன. மகள் எழுந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். நான் கீழே போய் டீ போட்டேன். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

"ஒரே ஒரு எழுத்தும்மா. அதையும் முழுங்கிட்டியே" என்றாள் மகள்.

"பசிச்சுது, முழுங்கிட்டேன்."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் படங்கள் மாட்டுங்கா போய்ச் சேர்ந்தன. இப்போது புத்தகத்தின் முன்பக்கத்தில் இந்தக் கதையை நீதான் எழுத வேண்டும் என்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நான்கு நாளாக ஒரு நோட்டில் எழுதுகிறேன். பேத்திக்கும் தமிழ் எழுத்து என் அளவுக்குத்தான் தெரியும், ஆனால் அவள் கண் நல்ல கண்.

ஏட்டி, இங்க வா. இந்த நோட்ட எடு. எடுக்கதுன்னா கையில எடுக்கது, தெரியுதா? மொதல்ல இருந்து வாசிச்சுக் காட்டு. ஒரு எழுத்தையும் முழுங்காத.